அப்பாவின் காலில் பச்சை பிடித்தது

அப்பாவின் வலது காலில் கருவேல முள் எப்போது ஏறியது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. சம்பா நடவு முடிந்து முதல் களை எடுத்துக்கொண்டிருந்த ஐப்பசி மாதம். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவரிடம் அம்மாதான் கேட்டாள். "என்னங்க, ஏதோ வாடை அடிக்குதே, எலி எதுவும் செத்துக் கெடக்கா?" டார்ச் அடித்துப் பத்தாயத்துக்குப் பின்னால் வரை தேடினாள். கடைசியில் பார்த்தால் வாடை அப்பாவின் காலிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கறுத்த ஓட்டை. புறங்கால் முழுக்க வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"வலிக்கவே இல்லையே" என்றார் அப்பா.

அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 18 வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். வருஷக்கணக்காகச் சர்க்கரை ஏறியே இருந்தால் காலின் நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். முள் குத்தியதும் கத்த வேண்டிய கால் சும்மா இருந்துவிடும். மேலே சேறு, உள்ளே முள், அதைச் சுற்றிச் சீழ். இப்படியே எத்தனை நாள் நடந்தாரோ.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். முழங்கால் வரை இழுக்கிற களிமண் சேற்றில் செருப்போடு இறங்க முடியாது. வயல் வரப்பில் செருப்பு போட்டு நடப்பதையே மரியாதைக் குறைவாக நினைக்கிற தலைமுறை அப்பாவுடையது. நத்தை ஓடு, முள், குடித்துவிட்டு எவனோ போட்டுப் போன பாட்டில் சில்லு எல்லாம் அந்தச் சேற்றில் உண்டு. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று சொன்னது. அதில் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் போன இடம் பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். புண்ணை மேலாகத் துடைத்தார்கள். வெள்ளையாக, ஈரமாக, அப்பளம் மாதிரி ஒரு தகட்டை எடுத்து மேலே வைத்துக் கட்டினார்கள். "இது செயற்கைத் தோல். பத்து நாள்ல தோல் மூடிரும்" என்றார்கள். 6,000 ரூபாய். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது அந்தத் தகடு சீழோடு வழுக்கிக்கொண்டு பஞ்சிலேயே வந்துவிட்டது. அடியில் புண் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. புறங்காலின் தோல் நீலம் பாரித்திருந்தது.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். அந்தப் பொருள் மேல் எனக்குக் கோபமில்லை. பின்னால் அதே வகைப் பொருள்தான் எங்களுக்கு உதவியது. அழுகல் இருக்கும்போதே மேலே மூடியது தவறு. கிருமியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது மாதிரி. செயற்கைத் தோல் என்ற பெயரைக் கேட்டதும் நாமும் மயங்கிவிடுகிறோம். ஓட்டைக்கு ஒட்டுப் போடுவது போல, மேலே ஒட்டினால் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துப் பணம் கட்டினேன்.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் சின்ன வயசுப் பெண். வந்ததும் புண்ணைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குப் பின்னால், கணுக்காலில், புறங்காலில் என்று விரல் வைத்து நாடி பார்த்தார். காலுக்கு ரத்தம் வருகிறதா என்று ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தம் வந்துகொண்டிருந்தது. "ஐயா, காலைக் காப்பாத்திரலாம். ஆனா செத்த சதையெல்லாம் எடுத்தாகணும். பார்க்கப் பயமா இருக்கும்" என்றார்.

பயமாகத்தான் இருந்தது. அறுவை முடிந்து இரண்டாம் நாள் கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். புறங்காலில் உள்ளங்கை அளவுக்குத் தோலே இல்லை. நடுவில் வெள்ளையாக, வாழைநார் மாதிரி இரண்டு கோடுகள் ஓடின. விரலைத் தூக்குகிற தசைநாண்கள் அவை. அப்பா விரலை அசைத்தபோது அவை வெளியிலேயே நகர்ந்தன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஏதோ மோட்டாரைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பவர் போல.

டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். புண் சிறிதாக இருந்தால் ஓரத்திலிருந்து தோல் தானே வளர்ந்து மூடும். உள்ளங்கை அளவு என்றால் மாசக்கணக்காகும், அதற்குள் மறுபடி கிருமி வரும். அதனால் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து மேலே ஒட்டுவார்கள். ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் அடியிலிருந்து ஊறுகிற நீரைக் குடித்து உயிரோடு இருக்கும். பிறகு கீழேயிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதற்குள் ஏற வேண்டும். கீழே சிவப்பாக, ரத்தம் ஓடுகிற சதை இருந்தால்தான் இது நடக்கும். உறை போன தசைநாண் மேலே ரத்தக்குழாய் இல்லை. அங்கே ஒட்டினால் தோல் கறுத்து உதிர்ந்துவிடும்.

"அப்ப என்ன பண்றது டாக்டரம்மா?" என்றார் அப்பா.

"அந்த எடத்துல மொதல்ல ஒரு செயற்கை உள்தோல் வைக்கிறோம் ஐயா. பஞ்சு மாதிரி இருக்கும், மேல ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உங்க ஒடம்புல இருந்து செல்லு, ரத்தக்குழாயெல்லாம் அந்தப் பஞ்சுக்குள்ள ஏறும். மூணு வாரத்துல அது உங்க சதை மாதிரியே ஆயிரும். அப்புறம் மேல இருக்கிற தாளை உரிச்சுட்டுத் தொடைத்தோலை ஒட்டுவோம்."

"அப்ப நீங்க வெச்ச பஞ்சு?"

"அது கரைஞ்சு போயிரும்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தக்கைப்பூண்டு மாதிரி பாப்பா" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். எங்கள் பக்கம் சம்பா நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைப்போம். பூக்கிற பருவத்தில் அதை அறுக்காமல் அப்படியே சேற்றில் மடக்கி உழுதுவிடுவோம். சில நாளில் அழுகி, இருந்த இடம் தெரியாமல் மண்ணாகிவிடும். அந்த மண்ணில்தான் நாற்று வேர் பிடிக்கும். "வெறும் களர்ல நட்டா நாத்து கருகிப் போயிரும்ல. அதான் நீங்க சொல்றது, இல்லியா?" டாக்டர் சிரித்தார். அதற்குப் பிறகு கட்டு மாற்ற வரும்போதெல்லாம், "ஐயா, பூண்டு மக்கிருச்சா பார்ப்போம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அப்பா சொன்ன அந்த உவமையை நான் விடவே இல்லை. அதன் பிறகு படித்ததெல்லாம் அதன் வழியாகத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பஞ்சுத் தகட்டை நாங்கள்தான் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு மா நிலத்தில் விளைந்த நெல்லுக்குக் கிடைக்கிற பணம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டுக்குப் போனது. இது ஒன்றுதான் வழி என்றும் டாக்டர் சொல்லவில்லை. புண்ணை மூடி, குழாய் வைத்துக் காற்றை உறிஞ்சுகிற வேக்குவம் கட்டுப் போட்டுச் சதை வளரக் காத்திருக்கலாம், நாள் அதிகமாகும் என்றார். புண் முழுவதுக்கும் இந்தத் தகடு தேவையில்லை, தசைநாண் தெரிகிற இடத்துக்கு மட்டும் போதும் என்று அளந்து சொன்னதும் அவர்தான். விலையைத் தெரிந்துகொண்டு பேசுகிற டாக்டர் கிடைப்பது பெரிய விஷயம்.

சரி, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அப்பா காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

இந்தப் பஞ்சின் முன்னோடி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தது. ஜான் பர்க் அங்கே தீப்புண் பார்க்கிற அறுவை மருத்துவர். அயோனிஸ் யானஸ் பக்கத்திலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) வேலை பார்த்த, கிரேக்க நாட்டில் பிறந்த விஞ்ஞானி. பர்க்கின் கவலை எளிமையானது. உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோன நோயாளிக்கு ஒட்டுவதற்குத் தோலுக்கு எங்கே போவது? நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். ஒரு கை முழுவதும் 9 சதவீதம். இரண்டு கையும் நெஞ்சும் வயிறும் முதுகும் வெந்துபோனால் கணக்கு 50-ஐத் தாண்டிவிடும். தோல் இல்லாத இடத்தில் உடம்பின் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், கிருமிக்குத் தடையே இருக்காது. இரண்டையும் உடனே தடுத்தாக வேண்டும்.

அவர்கள் செய்த தகட்டில் இரண்டு அடுக்கு. மேலே சிலிக்கோன் தாள், நீர் போகாமலும் கிருமி வராமலும் தடுப்பதற்கு. கீழே மாட்டின் கொலாஜனும் (தோலின் முக்கியமான புரதம்), சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் சேர்த்துச் செய்த பஞ்சு. 1981-இல், 10 நோயாளிகளுக்கு அதை வைத்துப் பார்த்த விவரத்தை வெளியிட்டார்கள். 'இன்டெக்ரா' என்ற பெயரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1996-இல். நடுவில் 15 வருஷம்.

சுறா என்று படித்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்து கொடுக்கிற ஊர். "சுறாவுல ஏதோ இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள். பால் ஊறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லவில்லை. மாட்டின் கொலாஜன் என்றதற்கு அப்பா ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. "நமக்கு வயல்லதான் ஒழைச்சுதுன்னு பார்த்தா, இப்ப கால்லயும் ஒழைக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இதே காலத்தில் இன்னொரு பாதையும் ஓடியது. 1975-இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும், மனிதனின் மேல்தோல் செல்களை உடம்புக்கு வெளியே வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். எலி செல்களைத் தட்டின் அடியில் பரப்பி, அதன் மேல் மனிதச் செல்களை வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் சொல்வதென்றால் அது நாற்றங்கால். தபால்தலை அளவுத் தோலிலிருந்து உடம்பையே போர்த்துகிற அளவுக்கு நாற்று. 1983-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 5, 6 வயதுள்ள இரண்டு சகோதரர்கள் தீயில் சிக்கினார்கள். உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துவிட்டது. அக்குளில் மிஞ்சியிருந்த கொஞ்சம் தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்து, தாள் தாளாகப் போர்த்தினார்கள். இருவரும் பிழைத்தார்கள். அதைப் படித்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். அப்போது என் பையனுக்கும் 6 வயது.

ஆனால் அப்படி வளர்த்த தோல் மெல்லியது. அடியில் உள்தோல் இல்லாமல் மேலே மட்டும் வைத்தால் எளிதில் கொப்புளித்து உரிந்துவிடும். நாற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் சேறு பண்பட்டிருக்க வேண்டும். பிறகு வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். கொலாஜன் படுகையில் உயிருள்ள செல்களை வளர்த்து, மேல்தோலும் உள்தோலுமாகச் செய்த 'அப்லிகிராஃப்' 1998-இல் காலின் சிரைகளில் (கெட்ட ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகிற குழாய்களில்) ரத்தம் தேங்குவதால் வரும் புண்களுக்கும், 2000-இல் சர்க்கரைப் புண்களுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுன்னத் செய்த குழந்தையின் தோல்தான் அந்தச் செல்களுக்கு மூலம். வெட்டி எறிகிற ஒரு துணுக்கு, யாரோ ஒரு கிழவருடைய காலைக் காக்கிறது. அதை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. நம் பக்கத்து வார்டுகளில் அதை நான் பார்த்ததில்லை. விலையும், உயிரோடு வைத்துக் கொண்டுவர வேண்டிய பாடும் அப்படி.

நம் பக்கம் பரவலாகப் பார்ப்பது கொலாஜன் ஷீட்தான். மருந்துக்கடையில் கேட்டாலே தெரியும். முதல் மருத்துவமனையில் அப்பாவுக்கு வைத்த அப்பளம் அதுதான். இந்தக் கொலாஜன் வேலையில் சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1948-இல் தொடங்கியது. செருப்புக்கும் பெல்ட்டுக்கும் தோல் பதனிடுவதை ஆராய வந்த இடம், அந்தத் தோலின் சாரமான கொலாஜனைப் புண்ணுக்குக் கட்டாக மாற்றுகிற ஆராய்ச்சியையும் செய்தது. ஈரமான ஷீட் ஆல்கஹால் கலந்த நீரில் ஊறிய உறையில் வரும். சலைனில் நன்றாக அலசிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரியும். மேலோட்டமான சுத்தமான புண்ணில் வைத்தால் ஒட்டிக்கொண்டு, காய்ந்து, அடியில் புதுத் தோல் வந்ததும் ஓரத்திலிருந்து சருகு மாதிரி தானே உரிந்து வரும். தினமும் கட்டைப் பிரித்துப் பிடுங்குகிற வேதனை இல்லை. வேலை தெரிந்த கையில் அது அருமையான பொருள்.

மூன்றாவது வாரம் சிலிக்கோன் தாளை உரித்தார்கள். அடியில் வெள்ளைக் கோடு எதுவும் தெரியவில்லை. இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தளம். டாக்டர் விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. "ரத்தம் வந்திருச்சு ஐயா."

மறுநாள் தோல் ஒட்டினார்கள். அரை மில்லிமீட்டர் கூட இல்லாத தடிமனில் இடது தொடையிலிருந்து சீவி எடுத்து, ஒரு கருவியில் கொடுத்து வலை மாதிரிக் கீறினார்கள். கீறினால் இழுத்துப் பெரிதாக்கலாம், அடியில் ஊறுகிற நீரும் ரத்தமும் தேங்காமல் வலைக்கண்களின் வழியே வெளியேறிவிடும். கண்களுக்கு நடுவில் இருக்கிற இடத்தைத் தோல் ஓரங்களிலிருந்து வளர்ந்து நிரப்பிக்கொள்ளும். அப்பா இதையும் விடவில்லை. "எடைவெளி விட்டு நட்டாத்தானே தூர் கட்டும்" என்றார்.

வலி எங்கே தெரியுமா? புண்ணில் இல்லை, தோல் எடுத்த தொடையில். காலைப்போல தொடை மரத்துப்போகவில்லையே. அங்கே கொலாஜன் ஷீட்டை வைத்திருந்தார்கள், அதில் எரிச்சல் குறைந்தது. அந்தத் தொடைப் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சித்தி ஞாபகம் வந்தாள்.

நான் நாலாவது படிக்கும்போது, வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்த அண்டா சாய்ந்து, கொதிக்கிற தண்ணீர் சித்தியின் முதுகிலும் கையிலும் கொட்டிவிட்டது. யாரோ இங்க் ஊற்றினார்கள், யாரோ இட்லி மாவைப் பூசினார்கள். (இரண்டுமே தவறு. சாதாரண குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பேஸ்ட்டும் வேண்டாம், மாவும் வேண்டாம்.) ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தாத்தாவிடம் சொன்னார், "வாழை எலை கொண்டாங்க, குருத்தா." அன்றிலிருந்து தினமும் விடியற்காலை தாத்தா கொல்லையில் குருத்திலை அறுத்து, சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கட்டிக்கொண்டு போவார். சித்தி அதன் மேல் படுத்திருப்பாள். இலை முதுகில் ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும், மாற்றுவதற்குப் பணம் வேண்டாம். கொல்லை வாழை அந்த வருஷம் ஒரு தார் கூடத் தரவில்லை. இலையெல்லாம் சித்திக்கே போனது.

பெரியவளான பிறகு அதை நான் ஏழ்மையின் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2003-இல் மும்பையின் மருத்துவர் மாதுரி கோரே, தோல் எடுத்த தொடைப் புண்களுக்கும் தீப்புண்களுக்கும் வாழை இலைக் கட்டைப் போட்டுச் சோதித்து, தீப்புண் மருத்துவ இதழில் முறையாக வெளியிட்டிருக்கிறார். இலையை நீராவியில் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார்கள். மும்பையிலேயே அவிழ்க்கும்போது ஒட்டாத கட்டுக்காக, அதற்கு முன்பு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு வாழை இலை எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று வந்தது. அதைப் படித்தபோது தாத்தாவின் சைக்கிள் கண்ணில் வந்து நின்றது.

மாமா ஒரு நாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். தீப்புண் பட்டவர் கையில் மீன் தோலை ஒட்டியிருந்தார்கள். "இது பொய்தானே?" என்றார். பொய்யில்லை. பிரேசிலின் ஃபோர்டலேசா நகரத்து மருத்துவர்கள் செய்வது. மீன் திலேப்பியா. அதாவது நம் குளத்து ஜிலேபிக் கெண்டையின் நெருங்கிய சொந்தம். 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன், இன்று எங்கள் ஊரில் எந்தக் குட்டையில் தூண்டில் போட்டாலும் அதுதான் முதலில் மாட்டும். அதன் தோலில் கொலாஜன் அதிகம், ஈரமும் நிற்கும். பிரேசிலில் தோல் வங்கிகள் குறைவு, மீன் பண்ணைகள் அதிகம். கையில் இருப்பதை எடுத்துக்கொண்டார்கள். தோலைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, கிளிசராலில் வைத்து, கதிர்வீச்சு காட்டிய பிறகுதான் புண்ணில் வைப்பார்கள். சில நாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டு மாற்றுகிற தடவை குறையும், வலியும் குறையும். மாமாவிடம் ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னேன். குளத்தில் பிடித்த மீனின் தோலை யாரும் புண்ணில் வைத்துவிடாதீர்கள். குளத்துக் கிருமியும் கூடவே வரும்.

தோல் வங்கி என்றேன் அல்லவா. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. செயற்கைத் தோல் எத்தனை வந்தாலும், பெரிய தீப்புண்ணை உடனடியாக மூட மனிதத் தோலுக்கு ஈடாக இன்னொன்று கிடைப்பது கடினம். இறந்தவரின் தொடை, கால், முதுகிலிருந்து மிக மெல்லிய மேலடுக்கை மட்டும் எடுப்பார்கள். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. கிளிசராலில் 4 டிகிரிக் குளிரில் வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். நோயாளியின் உடம்பு இரண்டு மூன்று வாரத்தில் அதைத் தள்ளிவிடும். ஆனால் அந்த மூன்று வாரம்தான் உயிர். அதற்குள் அவருடைய சொந்தத் தோல் கொஞ்சம் ஆறி, ஒட்டுவதற்கு இடம் கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் கண் தானம் என்றால் துக்க வீட்டிலேயே யாராவது எழுந்து போன் போடுகிறார்கள். தோல் என்றால் கை நடுங்குகிறது. "குளிப்பாட்டுறப்ப ஒடம்பு எப்படி இருக்கும்?" என்று அத்தை கேட்டாள். நியாயமான கேள்வி. முகத்தில் தொட மாட்டார்கள், ரத்தம் வடியாது, கட்டுப் போட்டுத்தான் கொடுப்பார்கள், வேட்டி கட்டினால் எதுவும் தெரியாது. இதைப் பொறுமையாகச் சொல்ல ஊருக்கு ஒருவர் வேண்டும்.

கும்பகோணத்தை நினைக்காமல் டெல்டாவில் யாரும் தீப்புண்ணைப் பற்றிப் பேச முடியாது. 2004 ஜூலை 16. கூரைக்கொட்டகைப் பள்ளி, 94 குழந்தைகள். பெரும்பாலான பிள்ளைகள் வகுப்பறையிலேயே போய்விட்டார்கள். எந்தத் தோலும் அவர்களுக்கு உதவியிருக்காது. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் நான் அந்தப் பிள்ளைகளை நினைப்பேன், காயத்தோடு பிழைத்த பிள்ளைகளையும் நினைப்பேன். வெந்த உடம்போடு ஒரு குழந்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது, அதைப் போர்த்துவதற்கு ஏதாவது ஒன்று அலமாரியில் தயாராக இருக்க வேண்டும். அப்புறம் தேடக்கூடாது. நானும் அம்மாவும் தோல் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அப்பா, "சர்க்கரைக்காரன் தோலை எடுப்பாங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார். "அன்னிக்குப் பார்த்து டாக்டருங்க முடிவு பண்ணுவாங்க ஐயா, நீங்க எழுதிக் குடுங்க" என்றார். அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஒட்டிய ஐந்தாம் நாள் முதல் கட்டைப் பிரித்தார்கள். சலைன் ஊற்றி ஊறவைத்து, ஒவ்வொரு காஸாக எடுத்தார் டாக்டர். கடைசித் துணியைத் தூக்கும்போது அறையில் யாரும் பேசவில்லை. தோல் கூடவே வந்துவிடும் என்ற பயம். வரவில்லை. வலைக்கண் வலைக்கண்ணாக, ரோஸ் நிறத்தில், காலோடு ஒன்றிக் கிடந்தது. சுண்டுவிரல் பக்கம் ஒரு ஓரம் மட்டும் கறுத்திருந்தது. அது தானே ஆறிவிடும் என்றார்.

"கிராஃப்ட் பிடிச்சிருச்சு ஐயா."

"பச்சை பிடிச்சிருச்சுன்னு சொல்லுங்க" என்றார் அப்பா. நட்ட நாற்று முதல் சில நாள் துவண்டு மஞ்சளித்துக் கிடக்கும். வேர் ஊன்றியதும் ஒரு காலையில் நிமிர்ந்து பச்சையாக நிற்கும். அதற்கு எங்கள் பக்கம் அந்த வார்த்தைதான். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. 40 நாளில் முதல் தடவையாக அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

இப்போது சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டு வரப்பு வரை போகிறார். சேற்றில் இறங்குவதில்லை. தினமும் ராத்திரி அம்மா கண்ணாடியை வைத்து உள்ளங்கால் முழுக்கப் பார்க்கிறாள், விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கிறாள். ஒட்டிய இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாக, கொஞ்சம் பள்ளமாக, வலைத்தடத்தோடு இருக்கிறது. அதில் முடி முளைக்கவில்லை. வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் அந்தச் சீவலோடு வருவதில்லை, அதனால் அந்த இடம் தன்னைத்தானே ஈரமாக வைத்துக்கொள்ளாது. காய்ந்தால் வெடிக்கும். வெளியிலிருந்துதான் எண்ணெய் கொடுக்க வேண்டும். பார்த்து முடித்ததும் அம்மா கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்க்கிறாள். அப்பா கால் நீட்டிக்கொண்டு, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.